ஆபிரிக்க விலங்குகளுள் எவற்றை அழைப்பது?

நெடுந்தீவுக்குச் செல்வோர் தவறாது கண்டுவருவனவற்றுள் ஒன்று அங்கு நிற்கும் பெருக்கமரம். அடி பருத்து, உட்புறம் குடைவாகி, ஆள் நுழையத்தக்க வாயிலுடன் நிற்கும் அம்மரத்தின் தாயகம் ஆபிரிக்கா. அராபிய வணிகர் அதனை இங்குக் கொண்டுவந்தனர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் செய்தி. மன்னாரிலும் அவ்வினத்து முதுமரங்கள் உள்ளன. நமது பனைக்கும் ஆபிரிக்காவில் உடன்பிறப்புப் போன்ற ஓர் இனம் உண்டு. அதன் கனிகளை அந்நாட்டு யானைகள் விரும்பி உண்டு, விதைகளைத் தொலைவிடங்களுக்குப் பரப்புகின்றன. வெயிலும் வறட்சியும் முட்புதரும் இரு நிலங்களுக்கும் பொது. ஆகவே, ஆபிரிக்கா வடபுலத்தார்க்கு முற்றிலும் அயலான நிலம் அன்று.

இந்த உறவை எண்ணும்போது, அந்நாட்டு விலங்குகளும் இங்கு இலகுவில் வாழும் என்று கருதத் தோன்றும். ஆனால் மரம் வேறு, விலங்கு வேறு. வேரூன்ற மண்ணும் நீரும் வாய்த்தால் பெருக்கமரம் துணையின்றியே நூற்றாண்டுகள் நிற்கும். விலங்குக்கோ உணவும் நீரும் மட்டும் போதா. அதற்குத் தன் இனத்தின் துணை வேண்டும். ஓடவும் ஒதுங்கவும் இடம் வேண்டும். அதன் குணமறிந்து பேணுவோர் வேண்டும்.

இதற்குச் சான்றும் நெடுந்தீவிலேயே உண்டு. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் அங்கு வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை, பேணுவோர் நீங்கிய பின்னர் கட்டாக்காலிகளாகப் பெருகின. 2015ஆம் ஆண்டில் அத்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. எனினும் கோடை நீண்டு நீர்நிலைகள் வற்றும்போது, அக்குதிரைகள் நீருக்கு அலைவதும் சில மடிவதும் உண்டு. ஒரு விலங்கைக் கொண்டுவருவது ஒரு நாட் செயல். அதனைப் பேணுவது தலைமுறைகளின் கடமை.

இவ்வுண்மை மிகவும் வேண்டப்படும் இடம் மிருகக்காட்சிச்சாலை. இலங்கையின் மிருகக்காட்சிச்சாலை வரலாறே விலங்கு வணிகத்தில் தொடங்கியது. செர்மனி நாட்டு யோன் காகன்பெக் என்பவர், ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றும் விலங்குகளைத் தங்கவைப்பதற்கெனத் தெகிவளையில் ஓர் இடம் அமைத்தார். அந்நிறுவனம் நலிவுற்றபோது, 1936ஆம் ஆண்டில் அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. இவருடைய தமையனார் காள் காகன்பெக், 1907இல் அம்பேர்க் நகருக்கு அண்மையில், இரும்புக் கம்பிகளுக்குப் பதிலாக அகழிகளை அமைத்து, விலங்குகள் திறந்த வெளியில் நிற்பது போலக் காட்டிய பெருமைக்குரியவர். ஒரு கண்டத்து விலங்குகளை ஒரே நிலக்காட்சியாகக் காட்டும் இன்றைய முறைக்கு அவ்வகழியே வழிவகுத்தது. நம் நாட்டிலும் அம்பாந்தோட்டை மாவட்டத்து ரிதியகமவில், ஏறத்தாழ 500 ஏக்கர் நிலத்தில், 2016ஆம் ஆண்டு திறந்தவெளி விலங்குப் பூங்கா ஒன்று திறக்கப்பட்டது. ஆபிரிக்கச் சிங்கங்களுக்கென அங்குத் தனிப்பகுதி உண்டு.

இத்தகைய ஆபிரிக்கப் பகுதி ஒன்றைப் புதிதாக அமைப்போர் முன் எழும் முதல் வினா, எவ்வெவ் விலங்குகளைத் தெரிவது என்பதே. பார்வையாளரைக் கேட்டால் விடை உடனே கிடைக்கும். யானை, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, நீர்யானை, காண்டாமிருகம் என்று சிறு பிள்ளையும் வரிசையாகச் சொல்லும். படப்புத்தகத்தில் உள்ளவை அவை. அவ்வரிசையை அப்படியே ஏற்று, இனத்துக்கு ஒன்று அல்லது இரண்டு எனச் சேர்ப்பதே பழைய வழக்கம். அவ்வழக்கத்தின் விளைவு யாது?

1998ஆம் ஆண்டில் சிம்பாப்வே நாடு இந்தியக் குடியரசுத் தலைவராக இருந்த சங்கர் தயாள் சர்மாவுக்கு இரண்டு யானைக் கன்றுகளை அன்பளிப்பாக அனுப்பியது. அவை தில்லி மிருகக்காட்சிச்சாலையில் விடப்பட்டன. ஆண் கன்றுக்குச் சங்கர் என்பது பெயர். சில ஆண்டுகளில் அதன் துணையான பெண் யானை இறந்தது. அதன் பின்னர்ச் சங்கர் தன் இனத்து மற்றொரு யானையைக் காணவில்லை. ஆசிய யானைகள் அருகில் இருந்தும், ஆபிரிக்க யானைக்கு அவை வேற்றினமே. அதனை வேறிடத்துக்கு மாற்றவேண்டுமென உயர்நீதிமன்றத்தில் வழக்கும் தொடரப்பட்டது. 2024இல் உலக மிருகக்காட்சிச்சாலைகள் சங்கம் இவ்யானையின் நிலையைக் காரணங்காட்டித் தில்லியின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. 2025 செப்ரெம்பர் 17ஆந் திகதி, 29 வயதளவில், சங்கர் இறந்தது. யானைக்கு அது முதுமையன்று.

இங்கே ஒருவரைக் குறைகூறுவதாற் பயனில்லை. விலங்கை அன்பளிப்பாக வழங்குவது பழங்காலந்தொட்டு அரசர் வழக்கம். 1414ஆம் ஆண்டிலேயே வங்காளத்துச் சுல்தான் சீனப் பேரரசருக்கு ஓர் ஒட்டகச்சிவிங்கியை அனுப்பினார். அன்பளிப்பை மறுப்பது மரியாதையாகாது என்று எல்லோரும் எண்ணுவர். ஆனால் கொடுப்பவரும் பெறுபவரும் மகிழ்ந்த அந்நாளின் பின், பல்லாயிரம் நாட்களை வாழ்ந்து கழிக்கவேண்டியது விலங்கு. அவ்விலங்கின் பக்கத்திலிருந்து வினாக்களைக் கேட்பதே தெரிவின் முதற்கடமை.

முதலாவது வினா துணையைப் பற்றியது. யானைப் பெண்கள் தாய், மகள், பேத்தி எனக் குடும்பமாக வாழ்வன. வரிக்குதிரை ஓர் ஆணும் சில பெண்களும் குட்டிகளுமாக வாழ்வது. கினிக்கோழி கூட்டமாகத் திரிவது. இவற்றுள் எதனையும் ஒன்றாகவோ இரண்டாகவோ வைத்தல் ஆகாது. ஒரு குடும்பத்தை வைத்திருக்க இடமும் பணமும் இல்லையாயின், அவ்வினத்தையே விட்டுவிடுதல் நன்று. நம் நாட்டிலேயே யானை இருக்கும்போது, ஆபிரிக்க யானையைத் தேடவேண்டிய தேவையும் இல்லை. மறுதலையாக, கூடி வாழ விரும்பாத விலங்கும் உண்டு. சிவிங்கிப்புலியை அக்பர் பேரரசர் ஆயிரக்கணக்கில் வளர்த்தார் என்பர். ஆயினும் முகலாயர் அரண்மனையில் அவ்வினம் ஒரே ஒரு முறை குட்டி ஈன்றதையே யகாங்கீர் தம் குறிப்பில் எழுதியுள்ளார். அதன் பின் 1956ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அது அடைப்பில் குட்டி ஈன்றதாகப் பதிவு உண்டு. ஆணையும் பெண்ணையும் எப்பொழுதும் ஒன்றாக அடைத்து வைத்தமை அதற்கு ஒரு தடையென்பது பின்னரே அறியப்பட்டது.

இரண்டாவது வினா தீனியும் நீரும். யாழ்ப்பாணத்து வீட்டில் ஆடு வாங்க நினைப்பவர், சந்தைக்குப் போகுமுன் வேலியைப் பார்ப்பார். பூவரசும் கிளுவையும் முருங்கையும் எத்தனை, கோடையிற் குழைக்கு வழி யாது என்று எண்ணிய பின்னரே கொட்டில் போடுவார். ஒட்டகச்சிவிங்கியும் குழை தின்னும் விலங்கே. நாளொன்றுக்கு முப்பது கிலோகிராம் வரையில் அதற்கு இலை வேண்டும். அதனையும் உயரத்திற் கட்டித் தொங்கவிடவேண்டும். வைக்கோலும் தவிடும் கொடுத்து வயிற்றை நிரப்பலாம். ஆனால் இலையைத் தேடி வளைக்கப் படைக்கப்பட்ட அதன் நீண்ட நா, வேலையின்றிச் சுவரையும் கம்பியையும் நாள்முழுதும் நக்கத் தொடங்கும். வேலியைப் பார்த்து ஆடு வாங்கும் அறிவு, மிருகக்காட்சிச்சாலைக்கும் வேண்டிய அறிவு.

நீர்யானையை எடுத்துக்கொள்வோம். பகல் முழுவதும் நீரிற் கிடப்பது. கழிவையும் நீரிலேயே விடுவது. ஆகவே அதன் குளத்து நீரை ஓயாது மாற்றவோ வடிகட்டவோ வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. சுண்ணக்கல்லின் அடியிலுள்ள நன்னீரையே மக்களும் தோட்டங்களும் நம்பியிருக்கின்றன. நிலத்தில் விடப்படும் அழுக்கு சுண்ணக்கல்லின் வெடிப்புக்கள் வழியே கிணற்றைச் சேரும். இத்தகைய மண்ணில் நீர்யானை வேண்டா என்று சொல்ல விலங்கியற் புலமை தேவையில்லை. கிணற்றைக் காத்து வாழ்ந்த எவரும் சொல்வர்.

மூன்றாவது வினா, வருகின்ற விலங்கால் இங்குள்ள விலங்குக்குத் தீங்கு உண்டாகுமா என்பது. இதனைப் பலர் எண்ணுவதில்லை. வரிக்குதிரை பார்வைக்கு இனியது, வெயிலைத் தாங்குவது, புல்லில் வாழ்வது. தெரிவுக்கு அதனினும் ஏற்றது எது என்று தோன்றும். ஆனால் ஆபிரிக்கக் குதிரைநோய் எனப்படும் கொடிய நோயின் கிருமியை, வரிக்குதிரை தான் நோயுறாமலே உடலில் தாங்கித் திரியக்கூடும். கண்ணுக்குத் தெரியாத சிறு கொசுகுகள் அதனைக் குதிரைகளுக்குப் பரப்பும். தொற்றிய குதிரைகளுள் பெரும்பாலானவை மடியும். 1959 முதல் 1961 வரை மத்திய கிழக்கிலும் இந்தியாவிலும் இந்நோய் ஏறத்தாழ மூன்று இலட்சம் குதிரை இனங்களை அழித்தது. 1987இல் நமீபியாவிலிருந்து ஸ்பெயின் நாட்டுப் பூங்கா ஒன்றுக்கு வந்த வரிக்குதிரைகள் அந்நாட்டில் அதனைப் பரப்பின. 2020இல் தாய்லாந்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட குதிரைகள் மடிந்தபோதும், இறக்குமதியான வரிக்குதிரைகள் மீதே ஐயம் எழுந்தது. பரிசோதனையும் தனித்து வைத்தலும் தவறிய ஒரு மந்தை இந்நாட்டுக்கு வந்து, நோய் வடக்கே பரவுமாயின், நெடுந்தீவின் குதிரைகள் என்னாகும்? நூற்றாண்டுகளின் வறட்சியைத் தாங்கிய அவ்வினம் ஒரு பருவத்தில் அழியக்கூடும்.

நான்காவது வினா, விலங்கு எங்கிருந்து வருகிறது, அதன் குட்டிகள் எங்குச் செல்லும் என்பது. அருகும் விலங்குகளின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக உடன்படிக்கை 1973இல் உருவாயிற்று. இலங்கை 1979இல் அதில் இணைந்தது. காட்டில் பிடித்த விலங்கை விட, காட்சிச்சாலைகளிற் பிறந்து வமிசப் பதிவேட்டில் இடம்பெற்ற விலங்கையே இன்று நாடவேண்டும். அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. 2014இல் கோபன்கேகன் நகரத்து மிருகக்காட்சிச்சாலையில், நலமாயிருந்த இளம் ஒட்டகச்சிவிங்கி ஒன்று கொல்லப்பட்டது. அதன் வமிசம் ஐரோப்பாவில் ஏற்கெனவே மிகுந்துவிட்டமையே காரணமாகக் கூறப்பட்டது. பிறப்பை வரவேற்பவர், பிறந்ததற்கு இடத்தையும் முன்கூட்டியே எண்ணவேண்டும். சிங்கம் அடைப்பிலும் எளிதில் குட்டி ஈனுவது. ஆதலால் இக்கவலை அதற்கு மிகுதி.

இந்நான்கு வினாக்களையும் கடந்து எஞ்சும் பட்டியல் மிகச் சிறியதாகவே இருக்கும். உலர்ந்த நிலமொன்றில், நோய்ப் பரிசோதனை முற்றும் முடிந்த வரிக்குதிரைக் குடும்பம் ஒன்று, நீர்க்குறைவைத் தாங்கவல்ல ஓரிக்ஸ் மான்கள், தீக்கோழிகள், காலடியில் இரைபொறுக்கும் கினிக்கோழிக் கூட்டம். இவையும் ஒரே வெளியில் வாழ இடம் விரிந்திருக்க வேண்டும். ஏனெனில் ஆண் வரிக்குதிரை மான்குட்டியைத் தாக்கிக் கொல்வதுண்டு. தீக்கோழி வெருண்டால் வேலியென்றும் பாராது ஓடி மோதும். ஒதுங்கப் புதரும், இரவுக்கு வெவ்வேறு கொட்டில்களும் தேவை. பட்டியல் சிறிதாயின் கூட்டம் குறையுமே என்று அஞ்சுவோர் உண்டு. தாயும் குட்டியுமாக ஒரு மந்தை மேய்வதைப் பார்த்து நிற்கும் நேரம், மூலையில் தனித்தாடும் யானையைப் பார்க்கும் நேரத்தினும் நீண்டது.

வடபகுதிப் பாடசாலைப் பிள்ளைகள் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பயணஞ்செய்து தெகிவளைக்குக் கல்விச் சுற்றுலா செல்கின்றனர். அப்பயணத்துக்குப் பெற்றோர் சிறுகச்சிறுகச் சேர்த்த பணம் செலவாகிறது. அங்குப் பிள்ளை எதனைக் கற்றுத் திரும்புகிறது என்பது, விலங்குகளைத் தெரிந்தவர் எதனை எண்ணித் தெரிந்தார் என்பதைப் பொறுத்தது. விலங்கு மனிதரின் வேடிக்கைக்கு உரியது என்பதும் ஒரு பாடம். ஒவ்வோர் உயிருக்கும் அதற்குரிய வாழ்வு உண்டு என்பதும் ஒரு பாடம். முதலாவது பாடத்தைச் சொல்லித்தர யாரும் வேண்டியதில்லை. தனிக்கூண்டே அதனைச் சொல்லிவிடும்.

ஆபிரிக்க ஏரிகளிற் காணப்படும் பெரும் பூநாரை இனம், எவரும் அழைக்காமலே சுண்டிக்குளத்து நீர்ப்பரப்புக்கு வருகிறது. 1938இல் பறவைச் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்ட இடம் அது. தனக்கு ஏற்ற உணவும் நீரும் துணையும் உள்ள இடத்தை அப்பறவை தானே தெரிந்துகொள்கிறது. அடைப்புக்குள் வரும் விலங்குக்கு அத்தெரிவு இல்லை. அதற்காகத் தெரிவோர், அது தானே தெரிந்தால் எதனைப் பார்க்குமோ அதனையே பார்த்துத் தெரிதல் வேண்டும். அவ்வாறு பார்த்தபின் ஓரினத்தை வேண்டாமென விடுவதும், அவ்வினத்துக்குச் செய்யும் நன்மையே ஆகும்.