மனநோயாளருக்கு ஊரில் இடம் வேண்டும்



தீவிர மனநோய் என்று மருத்துவம் குறிப்பது சில நாள் கவலையை அன்று. பிறர் கேளாத குரல்கள் கேட்பதும், அயலார் தமக்கெதிராகச் சூழ்ச்சி செய்கிறார்கள் என்ற எண்ணம் அசைக்க முடியாதபடி பற்றிக்கொள்வதுமான மனச்சிதைவையும், கட்டற்ற எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் இருமுனை நோயையும் அது குறிக்கிறது. இவற்றுக்கு மருந்து உண்டு. நமது மருதனார்மடச் சந்தியிலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே சென்றால் தெல்லிப்பழை வைத்தியசாலையில் உளமருத்துவப் பிரிவும் உண்டு. ஆனால் சிகிச்சை பெற்று அதே வீதியால் திரும்புபவருக்கு ஊரில் இடமில்லை.

இலங்கையில் குடியேற்ற ஆட்சி 1873இல் இயற்றிய சட்டம் மனநோயாளரை அடைத்துவைப்பதையே முதன்மையாகக் கருதியது. மனநோய் மருத்துவமனை அமைந்த அங்கொடை என்ற ஊர்ப்பெயரே வசைச்சொல்லாகும் அளவுக்கு அந்தப் பார்வை மக்களிடமும் ஊறியது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர், 2005இல் வகுக்கப்பட்ட மனநலக் கொள்கை, சிகிச்சையை மாவட்டங்களுக்கும் சமூகத்துக்கும் கொண்டுசெல்லப் பணித்தது. மருத்துவத்துறை தன் பங்கில் ஒரு பகுதியையேனும் செய்திருக்கிறது. ஊர்ச் சங்கங்களோ அப்படியொரு பொறுப்பு தமக்கு உண்டென்றே எண்ணவில்லை.

மருந்தை நிறுத்துபவரைப் பொறுப்பற்றவர் என்று பழிப்பது எளிது. அந்த மருந்து சிலருக்கு உடலை விறைக்கச் செய்கிறது, சிலரைப் பகலிலும் தூங்க வைக்கிறது. கிளினிக்குக்குப் போகும் நாளில் நோயாளியின் கூலியோடு துணைக்குச் செல்லும் தாயின் கூலியும் போகிறது. நோய் திரும்புவதற்கு முன் உறக்கம் குறைகிறது, பேச்சு மாறுகிறது, குளிப்பும் உணவும் தவறுகின்றன. இவற்றை முதலில் காணக்கூடியவர்கள் அயலவர்களே. ஆனால் தங்கையின் கலியாணம் குழம்பிவிடும் என்ற அச்சத்தில் நோயாளியை அறைக்குள் மறைக்கும் வீட்டுக்கு அயலவர் எப்படி வருவர்? அந்த அச்சம் பொய்யுமன்று. பெண் கேட்டு வருவோர் குடும்பத்தில் யாருக்கேனும் மனநோய் உண்டா என்று துருவுகிறார்கள், உண்டென்றால் பேச்சை முறிக்கிறார்கள். ஆகவே மறைப்பவரைக் கண்டிப்பதற்கு முன் துருவுபவரைக் கண்டிக்க வேண்டும். தாய் இறந்த பின் அந்த அறைக்குச் சோறு கொண்டுபோவது யார் என்ற கேள்வியை எந்தச் சங்கமும் கேட்டதாகத் தெரியவில்லை.

கேட்காமல் விட்டதன் கொடிய எல்லையை 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் தமிழ்நாட்டின் ஏர்வாடி காட்டியது: காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டனர். அதே தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் பகுதி உள்ளிட்ட இந்தியாவின் மூன்று இடங்களில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் மனச்சிதைவு நோயாளரின் வீடுகளுக்கே சென்று, மருந்தோடு வேலைக்கும் உறவுக்கும் துணைநின்றபோது அவர்களின் இயலாமை குறைந்ததை 2014இல் வெளியான ஆய்வு நிறுவியது. பலன் பெரிதன்று, எனினும் கிளினிக் மட்டும் தந்ததைவிட அது கூடுதலாகவே இருந்தது.

இவர்கள் ஆபத்தானவர்கள், இது மருத்துவரின் வேலை என்போர் உண்டு. மனநோயாளர் பிறரைத் தாக்குவதைவிடப் பிறரால் தாக்கப்படுவதே மிகுதி. மருத்துவரோ மாதத்தில் ஒரு முறை சில நிமிடங்கள் மட்டுமே நோயாளியைக் காண்பவர். பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் பெண்களுக்கென ஒரு கல்லூரியை நிறுவிய ஊர் இது. பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்று பலர் கேட்ட காலமும் அதுவே. அன்று அந்தக் கேள்வியைத் தாண்டிய ஊர் இன்று இந்த அச்சத்தையும் தாண்டலாம்.

சனசமூக நிலையம், ஆலய பரிபாலன சபை, கூட்டுறவுச் சங்கம் ஒவ்வொன்றும் பொறுப்பாக ஒருவரை நியமித்து, மனநல மருத்துவ அலுவலரோடும், எல்லா வீட்டு வாசலையும் அறிந்த குடும்பநல உத்தியோகத்தரோடும் அவரை இணைக்க வேண்டும். நோயாளியின் சம்மதமின்றி அவருடைய நோயைப் பற்றி எவரிடமும் பேசக்கூடாது. சாதி பார்த்து வாசலில் நிற்பவர் இப்பணிக்கு வேண்டியதில்லை. நோயாளிக்குச் சந்தையில் மரக்கறி தரம்பிரிக்கவோ வாசிகசாலையில் பத்திரிகை அடுக்கவோ இரண்டு மணி நேர வேலையைக் கூலியோடு ஒதுக்குவதற்குப் பெருநிதி தேவையில்லை. உடுவில் பிரதேசத்துச் சங்கங்கள் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு அனுப்பும் அறிவித்தலில் இதை ஒரு விடயமாகச் சேர்க்கட்டும். சேர்க்காத சங்கத்திடம் அதன் காரணத்தை அங்கத்தவர்கள் எழுத்தில் கேட்கட்டும்.