ஒகேனக்கல்: காணும் நீரும் பருகும் நீரும்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஏறத்தாழ 46 கி.மீ. செல்வோர், காவிரி பல கிளைகளாகப் பிரிந்து பாறைகளினின்று வீழும் ஒகேனக்கல்லை அடைவர். தமிழில் ‘புகை’ என வழங்கும் சொல்லே கன்னடத்தில் ‘ஹொகெ’ என்றாயிற்று. சொல்முதற் பகரம் அம்மொழியில் ஹகரமாதல் இயல்பு. நீர்த்திவலைகள் புகைபோல் எழுந்து பரவுதலால் அவ்விடம் ‘புகையும் கல்’ எனப் பெயர் பெற்றது.

மூங்கிலாற் பின்னிய வட்டப் பரிசிலில் பாறைச் சுவர்களிடையே செல்லுதலும், எண்ணெய் தேய்த்து அருவியில் நீராடுதலும் பயணிகள் பெரிதும் விரும்புவன. வெள்ளம் மிகும் நாள்களில் இவ்விரண்டும் தடைசெய்யப்படும். முன்னாளில் விலங்கின் தோல் போர்த்தப்பெற்ற பரிசிலுக்கு இந்நாளில் பிளாஸ்டிக் உறை இடப்படுதல், கொல்லாமை போற்றுவோர்க்கு மகிழ்வு தரும் செய்தி.

எனினும் ஒகேனக்கல்லின் பெருமை அழகோடு முடிவதன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில், பாறைகளினின்று கரையும் ஃபுளூரைடு நிலத்தடி நீரில் மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது கலந்த நீரைப் பற்கள் உருவாகும் பருவத்தில் பருகும் சிறுவர்க்கு, பல்லில் நீங்காக் கறை படியும். அளவு மேலும் மிகின், நெடுங்காலம் பருகியோர்க்கு மூட்டுகள் இறுகும், எலும்புகள் வளையும். இக்குறை தீர, ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பெற்றது. 2008இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 2013இல் தொடங்கிவைக்கப்பெற்றது. ஒருவர்க்குக் கண்ணுக்கு விருந்தாகும் காவிரி, மற்றொருவரை நோய் வாராது காக்கின்றது.

அருவியினின்று இறங்கும் நீரும் வீணே செல்வதில்லை. மேட்டூர் அணையில் தேங்கி, சேலம் முதலிய ஊர்களுக்குக் குடிநீராகவும் காவிரிப் படுகைக்குப் பாசன நீராகவும் பயன்படுகின்றது. பயணியர் கரைக்கும் சோப்பும், எறியும் ஷாம்பு உறையும், நெகிழிப் பையும் அந்நீரோடுதான் செல்கின்றன.

நீரைத் துணியால் வடிகட்டிப் பருகுதல் சமணக் குடும்பங்களில் வழிவழி வந்த ஒழுக்கம். அது தன்னலம் கருதியது மட்டுமன்று. நீர்வாழ் நுண்ணுயிர்க்கும் ஊறு நேராமை கருதியது. வீட்டுக் குடத்தினிடம் காட்டும் அவ்விரக்கம் ஆற்றங்கரையில் மறக்கப்படலாகாது. விடுமுறையில் ஒகேனக்கல் செல்லும் குடும்பம், எண்ணெயும் சோப்பும் தவிர்த்து நீராடி, கொண்டுசென்ற பைகளை ஒன்றும் விடாது திரும்பக் கொணர்தலும் ஒரு நோன்பே. பிள்ளைகளுக்கு அருவியைக் காட்டும் பெற்றோர், அந்நீரைப் பருகும் ஊர்களையும் எடுத்துரைத்தல் வேண்டும்.