வாகனமில்லாப் பயணிக்கு வாசலில் உணவு

(மன்றத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இவ்விழாவிலே யாம் பேச எடுத்துக்கொண்ட பொருளைச் செயலாளர் தம்பியிடம் கூறியபோது, அவர் சிறிது நேரம் எம் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்பு, "பகிடியோ ஐயா?" என்று கேட்டார். பகிடியன்று. வாகனமில்லாமற் பயணஞ் செய்வோர் கைத்தொலைபேசிச் செயலியின் வாயிலாக உணவு பெறுதல் என்பதே எமது பொருள். சென்ற ஆண்டு இதே மேடையில் யாம் தத்துவம் பேசினோம். முன்வரிசையில் மூவர் உறங்கிவிட்டனர். சோற்றைப் பற்றிப் பேசினால் விழித்திருப்பர் என்பது இவ்வாண்டு எமது நம்பிக்கை.

இம்மண்டபத்திலே சொந்தமாகக் கார் வைத்திருப்பவர் எத்தனை பேர் என்று கையுயர்த்தச் சொல்லி எவரையும் சங்கடப்படுத்த மாட்டோம். வாசலிலே சாத்தியிருக்கும் சைக்கிள்களைப் பார்த்தாலே விடை தெரியும். ஊருக்குள் அவை போதும். கொழும்புக்குப் போவதென்றால் உதயதேவிப் புகையிரதம், அல்லது இரவு பஸ். போவதும் உல்லாசத்துக்கன்று. கிளினிக், வீசா, நேர்முகப் பரீட்சை, வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளையை விமான நிலையத்தில் எதிர்கொள்ளல், இவைதாம் எம்மவர் பயணங்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் அறை எடுத்துத் தங்குவோம். அறையில் கட்டிலுண்டு, மின்விசிறியுண்டு; அடுப்பில்லை.

எமது சிறுபராயத்திலே இதற்கெல்லாம் கட்டுச்சோறு துணை நின்றது. வாழையிலையிற் கட்டிய சோற்றை மாகோச் சந்தியில் வண்டி நிற்கும்போது அவிழ்த்தால் பெட்டி முழுவதும் மணக்கும். ஆயினும் கட்டுச்சோறு ஒரு பொழுதுக்கே தாங்கும். மூன்றாம் நாள் என்ன செய்வது?

வாகனமில்லாப் பயணத்துக்குக் கதிர்காமப் பாதயாத்திரையைவிடச் சிறந்த உதாரணம் நமக்கு இல்லை. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் அடியார்கள் திருகோணமலை, வெருகல் கடந்து நமது மாவட்டத்தூடாக நடந்து, உகந்தையை அடைந்து, குமண, யால காடுகளுள் நுழைகிறார்கள். வழியிலே தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும் அவர்களைத் தாங்குகின்றன. அங்கே அடியாரிடம் எவரும் விலாசம் கேட்பதில்லை. சோறு ஓரிடத்தில் இருக்கிறது. பசித்தவர் நடந்து அதனிடம் வருகிறார். செயலியிலோ இது தலைகீழாகிவிட்டது. பசித்தவர் ஓரிடத்தில் இருக்கிறார். சோறு அவரைத் தேடி வருகிறது. ஆகவே, தாம் இருக்குமிடத்தைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவருக்கே சோறு. யாம் இன்று சொல்ல வந்தது இவ்வளவே. எஞ்சியதெல்லாம் அதற்கு விரிவுரை.

இத்தொழில் முற்றிலும் புதியதுமன்று. மும்பாய் நகரிலே 1890ஆம் ஆண்டளவில் தொடங்கிய டப்பாவாலாக்கள், வீட்டிலே சமைத்த உணவை அடுக்குப் பாத்திரத்தில் வாங்கி அலுவலகங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து வருகின்றனர். பாத்திரத்தின் மூடியிலே நிறத்தாலும் எண்ணாலும் எழுத்தாலும் குறியிடுவர். எந்த நிலையத்தில் இறக்குவது, எந்தக் கட்டடத்தில் எந்த மாடிக்கு ஏற்றுவது என்பதெல்லாம் அக்குறியில் அடங்கும். அதிகம் படியாதவரும் அதைப் படித்துவிடுவார். இந்தியப் புகையிரதங்களிலே இன்று பயணச் சீட்டின் பத்து இலக்க எண்ணைக் கொடுத்தால், முன்னே வரும் நிலையத்தில் உணவு ஆசனத்துக்கே வந்து சேருகிறது. சொமாட்டோ நிறுவனம் 2023இலும், சுவிக்கி நிறுவனம் 2024இலும் அந்நாட்டுப் புகையிரத உணவுச் சேவையுடன் கைகோத்தன. உதயதேவியிலே எமக்கு வாய்த்தது கூடையோடு வரும் வடைக்காரர்தாம். வடையை யாம் குறை கூறமாட்டோம்.

நமது நாட்டிலே பிக்மீ என்னும் உள்நாட்டு நிறுவனம் 2015இல் வாடகை வண்டி அழைக்கும் செயலியாகத் தோன்றி, பின்னர் உணவுக்கும் விரிந்தது. ஊபர் ஈட்ஸ் 2018இல் கொழும்பிலே தொடங்கியது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது இவற்றின் வண்டிகளே பல வீடுகளுக்கு அரிசியும் மருந்தும் சுமந்தன. 2022இல் எரிபொருள் இல்லாமற்போனபோது கார் வைத்திருந்தவரும் நம்மைப்போல் நடந்தனர் என்பதைக் கொஞ்சம் குறும்புடனேயே நினைவுகூர்கிறோம்.

இனி எமது அனுபவத்துக்கு வருவோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு தமக்கையாரை வைத்தியத்துக்காகக் கொழும்புக்குக் கூட்டிச்சென்று, வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கைக்குள் தங்கியிருந்தோம். அன்று வெள்ளிக்கிழமை. அக்கா சைவம். மாலை தொடங்கிய மழை எட்டு மணியாகியும் விடவில்லை. அவரைத் தனியே விட்டுப் போகவும் மனமில்லை. கூட்டிக்கொண்டு நடக்கவும் இயலாது. ஊரிலிருந்த மருமகனுக்குத் தொலைபேசியில் கூறினோம்.

"மாமா, நீங்க அறையிலயே இருங்க. நான் இங்க இருந்து அனுப்புறன்" என்றான்.

"மட்டக்களப்பிலிருந்தோ? சோறு ஆறிப்போகுமே!" என்றோம். அவன் சிரித்த சிரிப்பு இன்னும் எம் காதில் இருக்கிறது.

தாம் எங்கிருந்தாலும் வேறோரிடத்திலுள்ளவருக்கு உணவு அனுப்பலாம் என்பதை யாம் அன்றுதான் அறிந்தோம். முதியோரைத் தனியே பயணம் அனுப்பும் பிள்ளைகள் இதனை நன்கு குறித்துக்கொள்ள வேண்டும். மருமகன் விலாசம் கேட்டான். "கடற்கரைப் பக்கம், பச்சைக் கேற்று, அருகே தேங்காய்க்கடை" என்றோம். நம் ஊரில் இதைவிடத் தெளிவான விலாசம் உண்டோ? அவன் ஒழுங்கையின் பெயரை மாத்திரம் எழுதிப் படத்திலே புள்ளியை வைத்தான். அவ்வொழுங்கையோ காலி வீதியில் தொடங்கிப் புகையிரதப் பாதையருகே முடிவது. புள்ளி காலி வீதி முனையில் விழுந்தது. யாம் கடல் முனையில் இருந்தோம்.

அரைமணி கழித்து அழைப்பு வந்தது. மறுமுனையிலிருந்தவர் சிங்களத்திற் பேசினார். எமக்குத் தெரிந்த சிங்களம் பஸ் கொண்டக்டரோடு பேசும் அளவுக்கே. "கேட்டுவ லங்க, கேட்டுவ லங்க" என்று இரண்டு முறை சொன்னோம். எந்தக் கேற்று என்று அவர் கேட்டிருக்க வேண்டும். அதற்கு மறுமொழி எம்மிடம் இல்லை. சற்று மௌனம். பின்பு அதே குரல் தமிழில், "ஐயா மட்டக்களப்போ?" என்றது.

சோறு கொண்டுவந்தவர் படுவான்கரைப் பொடியன்! மழையங்கியிலிருந்து நீர் சொட்டச் சொட்ட வாசலில் நின்றார். சோற்றுப் பொதி மாத்திரம் பையினுள் காய்ந்து, சூடாக இருந்தது. அக்கா துவாயைக் கொடுத்துத் தலையைத் துடைக்கச் சொன்னார். எந்த ஊர், யாருடைய மகன் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். அவர் நின்ற ஐந்து நிமிடத்திலே யாம் அறிந்தது இது: ஒவ்வோர் ஓட்டத்துக்கும் தூரத்தைப் பொறுத்துக் கூலி, பெற்றோல் அவருடையது, மோட்டார்சைக்கிளுக்கு மாதாந்தக் கட்டுப்பணம், எம்மைப் போன்றோர் புள்ளியைத் தவறாக வைத்தால் வீணாகும் நேரமும் அவருடையதே. 2022இல் பெற்றோலுக்காக இரவெல்லாம் வரிசையில் நின்றதையும் சொன்னார். அக்கா நூறு ரூபாவும் இரண்டு வாழைப்பழமும் கொடுத்தார். அடுத்த அழைப்பு மணி ஒலித்தது. "மறுகா வாறன் அம்மா" என்று போய்விட்டார். வெளிநாட்டுக் காசு வந்து வீடு கட்டிய ஊர்களைப் பற்றி நாம் மேடைகளிற் பேசுகிறோம். கொழும்பு மழையில் சோறு சுமக்கும் நம் பிள்ளைகளைப் பற்றி யாம் அதுவரை நினைத்ததில்லை.

மறுநாள் அதே கடைக்கு நடந்துபோய்ச் சுவரிலிருந்த விலையைப் பார்த்தோம். சாப்பாடு 400 ரூபா. செயலியிலே 480. இருவருக்கு 960, கொண்டுவரும் கூலியும் சேவைக் கட்டணமும் சேர்ந்து 1180 ஆகியிருந்தது. கடையிடமிருந்தும் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. ஆகையாலேதான் பல கடைகள் செயலியிலே விலையைக் கூட்டிப் போடுகின்றன. முச்சக்கரவண்டியிற் போய்வந்திருந்தால் 400 ரூபாவேனும் சென்றிருக்கும், கணக்குச் சரி. மழையில்லாத நாளிலே, கால் சுகமுள்ளவருக்கு, பத்து நிமிட நடைக்காக 380 ரூபா கொடுப்பது வீண் செலவு என்பதே எமது தீர்ப்பு. இளைஞர்கள் முணுமுணுப்பது கேட்கிறது. முணுமுணுக்கட்டும்.

விரதகாரருக்கு ஒரு வார்த்தை. செயலியில் மரக்கறி என்று எழுதியிருப்பதை மாத்திரம் நம்பவேண்டாம். மரக்கறிக் கொத்து ரொட்டியும் கோழிக் கொத்தும் ஒரே தட்டில், ஒரே தகட்டினாலே கொத்தப்படுவதுண்டு. முற்றிலும் சைவக்கடையாக உள்ளதைத் தேர்ந்தெடுத்தலே நன்று. வங்கி அட்டை இல்லாதவர் காசாகவும் கொடுக்கலாம், சில்லறை கையிலிருக்கட்டும்.

வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கும் இனி இப்படித்தானோ என்று பெரியவர் ஒருவர் எம்மிடம் கவலையோடு கேட்டார். அதற்கு இங்கே இடமில்லை. யாம் பேசுவது வீடில்லாத ஊரில் நிற்பவனைப் பற்றி.

கொழும்பிலே விலாசம் சொல்லத் தெரியாமல் தடுமாறியது எமது பிழை. நமது வாவிக் கரையிலோ சொல்லுவதற்கே விலாசமில்லாத வீடுகள் எத்தனை! சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவிக்கு எழுவான்கரை, படுவான்கரை என்று இரு கரைகள். படத்திலே பார்த்தால் அக்கரை விரற்கடை தூரம்; வீதியாற் போனால் சுற்றிச் சுற்றிப் போகவேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்துக்குப் போனவர்கள் பாதையேறித்தான் கடந்தனர். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே பாதைக்காகக் காத்து நின்ற நேரங்களை இங்குள்ள பெரியோர் அறிவர். "கோயிலுக்குப் பின்னால், ஆலையடி தாண்டி மூன்றாம் வளவு" என்பது நமக்குப் போதும், அந்நியனுக்குப் போதாது.

இது உணவோடு முடியும் காரியமுமன்று. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய நோயாளர் வண்டியும் முதலிலே கேட்பது, நீங்கள் இருக்குமிடம் எது என்பதையே. அப்போது பச்சைக் கேற்றையும் தேங்காய்க்கடையையும் சொல்லிக்கொண்டு நிற்க முடியாது. கூகுள் படத்திலே இல்லாத கோயிலையும் பாடசாலையையும் பாதைத் துறையையும் எவரும் குறித்துச் சேர்க்கலாம். வீதிப் பெயரே இல்லாத வளவுக்கும் பிளஸ் கோட் என்னும் குறி உண்டு. எழுத்தும் எண்ணுமாகச் சில இலக்கங்கள். மும்பாய்ப் பாத்திரத்தின் மூடிக் குறிக்கு அதைத் தம்பி முறையெனலாம்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கூட்டம் முடிந்தபின்னர் மண்டபத்தின் பின்புறத்திலே மருமகனும் அவன் தோழர் இருவரும் ஒரு மேசை போட்டு இருப்பார்கள். பெரியோர்கள் தத்தம் கைத்தொலைபேசியுடன் அங்கே வருக. வீட்டுப் புள்ளியை எப்படி வைப்பது, அதைப் பிள்ளைகளுக்கு எப்படி அனுப்புவது என்று ஒவ்வொருவருக்கும் செய்து காட்டுவார்கள். மூக்குக்கண்ணாடியை மறவாமல் எடுத்து வருக.