தறிச் சத்தத்திலும் தூங்கிய பாப்பா
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மூன்று வயதுப் பிள்ளைகளோடு முப்பது வருடம் பேசிப் பழகியவள் நான். பெரியவர்கள் சபையில் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனையியல் படித்துவிட்டு 1987-ல் சின்னாளபட்டிப் பக்கம் பால்வாடி வேலைக்குக் கிளம்பியபோது, "இதுக்கா பட்டம் வாங்கினே?" என்றார் அப்பா. வேலையில் சேர்ந்த பிறகு தாய்மார்கள் வேறு மாதிரி கேட்டார்கள். "என்ன டீச்சர், எப்பப் பார்த்தாலும் பாட்டும் ஆட்டமுமா இருக்கு? நாலு எழுத்து சொல்லித் தரக் கூடாதா?"

அதற்குப் பதில் நம் பிள்ளைத்தமிழிலேயே இருக்கிறது. ஐந்தாம் மாதம் செங்கீரை: கையை ஊன்றி, ஒரு காலை மடக்கி, தலை நிமிர்ந்து ஆடுவது. ஒன்பதாம் மாதம் சப்பாணி: இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டுவது. ஒரு வயதில் தளர்நடை போட்டு வருவது. பிறகு சிறுபறை முழக்குவது. இன்றைக்கு டாக்டர்கள் வளர்ச்சிப் படி என்று அட்டவணை போடுவதைப் புலவர்கள் அப்போதே பருவமாகப் பிரித்துப் பாடிவிட்டார்கள். எல்லாமே உடம்பு அசைவதுதான், கவனித்தீர்களா?

2005-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனை செய்தார்கள். ஏழு மாதக் குழந்தைகளுக்கு ஏற்ற இறக்கம் இல்லாத ஒரே தாளத்தைப் போட்டார்கள். சிலரை இரண்டு தட்டுக்கு ஒருமுறை தூக்கி ஆட்டினார்கள், சிலரை மூன்றுக்கு ஒருமுறை. பிறகு பார்த்தால், எந்தக் கணக்கில் ஆட்டப்பட்டதோ அந்தக் கணக்கில் வரும் தாளத்தையே குழந்தை அதிக நேரம் கேட்டது. யாரோ ஆடுவதை வெறுமனே பார்த்த குழந்தைகளிடம் இது நடக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், செல்போனில் பாட்டைப் போட்டுக் கையில் கொடுப்பதும், மடியில் வைத்து ஆட்டுவதும் ஒன்றாகாது.

'தக்-கா-ளி' என்று மூன்று முறை கை தட்டுகிற பிள்ளை சொல்லைப் பிரித்துப் பார்க்கக் கற்கிறது. எழுத்துக்கு அதுதான் முதல் படி. தட்டு நின்றதும் நிற்கிற பிள்ளை பொறுமையைக் கற்கிறது. இதெல்லாம் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கும். புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

2014-ல் நெசவுக்கார வீட்டுப் பெண் குழந்தை ஒன்று சேர்ந்தது. மூன்று வயது, பேச்சு அவ்வளவாக இல்லை. "சமத்துப் பிள்ளை டீச்சர், தறி ஓடுற சத்தத்துல கூட அசராமத் தூங்குவா" என்று அம்மாவுக்குப் பெருமை. ஆட்டத்தில் கை, கால் எல்லாம் சரியாகவே போடுவாள், ஆனால் எப்போதும் அரைத் தட்டு பிந்தி. கொஞ்சம் மந்தம் போலிருக்கிறது என்று நினைத்து ஆறு மாதம் விட்டுவிட்டேன். இதைச் சொல்ல எனக்கு இன்னமும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஒருநாள் எல்லாரையும் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுப் பின்னாலிருந்து டப்பாவைத் தட்டினேன். பிள்ளைகள் குதித்தன. அவள் மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளும் அவள் கேட்டு ஆடவில்லை. பக்கத்துப் பிள்ளையின் கையைப் பார்த்து ஆடியிருக்கிறாள்!

அம்மாவிடம் சொன்னபோது, "தறிச் சத்தம் பழகிப்போச்சு டீச்சர், அதான்" என்று சொல்லி அழுதார். மறுநாள் நான்தான் கூடப் போனேன். பரிசோதனையில் இரண்டு காதிலும் குறை என்று தெரிந்தது. காது மிஷின் வந்தது, பேச்சுப் பயிற்சியும் தொடங்கியது. மிஷின் மாட்டி வந்த முதல் நாள், நான் டப்பாவைத் தட்டியதும் பயந்து போய் என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெல்லக் கையை நீட்டி டப்பாவை வாங்கி, அவளே ஒரு தட்டு தட்டினாள். அன்றைக்குச் சாப்பாட்டு மணி அடிக்கிற வரை யாருக்கும் அதைக் கொடுக்கவில்லை.

அதன் பிறகு ஓய்வு பெறும் வரை, ஜூன் மாதம் புதுப் பிள்ளைகள் சேர்ந்தால் முதல் வாரமே சுவர்ப் பக்கம் திரும்பச் சொல்லி டப்பா தட்டுவேன். இங்கே மழலையர் கல்வி படிக்கும் மாணவிகள் இருக்கிறீர்கள். டப்பா வேண்டுமென்றால் என்னிடம் இருக்கிறது, கேளுங்கள், தருகிறேன்.