சோதனை இருவருக்கும்தான்



ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் கரு உண்டாகலைன்னா டாக்டரைப் பார்க்கணும். பெண்ணுக்கு 35 வயது தாண்டிவிட்டால் ஆறு மாதத்திலேயே பார்க்கணும்.

நம்ம ஊரில் என்ன நடக்கிறது? மருமகளை மட்டும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைய விடுகிறோம். ஆனால் ஏறக்குறைய பாதித் தம்பதிகளில் ஆணிடமும் காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனைக்கு ஊசியும் இல்லை, கத்தியும் இல்லை, செலவும் குறைவு. மகனையும் கூடவே அனுப்புங்கள். நம்மில் பலர் சுற்றுகிற பீடியைப் பிடித்தாலும், குடித்தாலும் விந்தணு கெடும்.

பெண்களுக்குத் தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, கருக்குழாய் அடைப்பு, கூடுதல் எடை எல்லாம் காரணமாகலாம். பலருக்கு எடை குறைத்தாலோ, மாத்திரை சாப்பிட்டாலோ சரியாகிவிடும். எல்லாருக்கும் டெஸ்ட் டியூப் தேவைப்படாது. ஆகவே கடன் வாங்கி ஓடுவதற்கு முன்னால், அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனைக்கோ, பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கோ இருவரும் சேர்ந்து போங்கள். டெஸ்ட் டியூப்தான் வழி என்றாலும், சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் அதற்கென்றே மையம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. பிள்ளை இல்லாதவளை வளைகாப்பு வீட்டில் ஒதுக்கி நிறுத்தாதீங்க. அவள் கையாலும் வளையல் போடச் சொல்லுங்க.