காவலுக்குக் காரணம் கேட்கும் உரிமை



சிலப்பதிகாரம் கற்போர் பலரும் கண்ணகி வழக்குரைக்கும் இடத்தில் நெஞ்சைப் பறிகொடுப்பர். அதற்கு முன் நிகழ்ந்ததை விரைந்து கடந்துவிடுவர். பொற்கொல்லன் ஒருவன் சொல்லை நம்பிப் பாண்டியன் ஆணையிட்டான். காவலர் சென்றனர். கவுந்தியடிகள் வழித்துணையாக வர மதுரை புகுந்த கோவலன் வெட்டுண்டு மாண்டான். உன்மேல் உள்ள குற்றம் இன்னது என்று மன்னன் அவனை அழைத்துக் கூறவில்லை. அவன் மறுமொழியையும் கேட்கவில்லை. வழக்கு நடந்ததெல்லாம் அவன் இறந்த பின்னரே.

அரசின் ஆணைக்கும் குடிமகனுக்கும் இடையே நிற்பதற்காகவே இந்திய அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் பகுதி, அடிப்படை உரிமைகள் என்னும் பெயரில் எழுதப்பட்டது. அது நடைமுறைக்கு வந்த நாள் 1950 சனவரி 26. அடுத்த மாதமே நாடாளுமன்றம் தடுப்புக் காவல் சட்டத்தை இயற்றியது. குற்றம் செய்தவரைத் தண்டிப்பது அன்று, செய்யக்கூடும் என்று கருதப்படுபவரை முன்கூட்டியே அடைத்து வைப்பது இச்சட்டம். உரிமைகளைக் கூறும் பகுதிக்குள்ளேயே, 22ஆம் உறுப்பில், இத்தகைய காவலுக்கு இடம் விடப்பட்டிருந்தது. இடம் விட்டவர்களுள் பலர், ஆங்கில ஆட்சியில் விசாரணையின்றிச் சிறை கண்டவர்கள்!

அன்று சென்னை இராச்சியத்தைச் சேர்ந்திருந்த மலபாரின் பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன், 1947 டிசம்பர் முதலே சிறையில் இருந்தார். 1950 மார்ச் 1ஆம் நாள் புதிய சட்டத்தின்கீழ் அவருக்கு மற்றோர் ஆணை வழங்கப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றத்தை நாடினார். அச்சட்டத்தின் 14ஆம் பிரிவு வியப்புக்குரியது. எக்காரணத்தால் அடைக்கப்பட்டோம் என்பதைக் காவலில் உள்ளவர் நீதிமன்றத்திற்கும் வெளியிடலாகாது. வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை. நோயாளி தன் நோயை மருத்துவரிடம் சொன்னால் தண்டனை என்பது போன்ற ஏற்பாடு!

1950 மே 19ஆம் நாள் ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். 14ஆம் பிரிவு செல்லாது என்பதில் அறுவரும் ஒன்றுபட்டனர். எனினும் எஞ்சிய சட்டத்தைப் பெரும்பான்மையோர் நிலைநிறுத்தினர். கோபாலனின் மனு தள்ளுபடியாயிற்று. 21ஆம் உறுப்பு கூறும் ‘சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை’ என்பது, சட்டமன்றம் இயற்றிய எந்த நடைமுறையும் ஆகலாம் என்பது அவர்தம் கருத்து. நீதிபதி பசல் அலி இதனை ஏற்கவில்லை. அறிவிப்புத் தருவதும், மறுமொழி கேட்பதும், நடுநிலையோர் முன் விசாரிப்பதும் அந்நடைமுறைக்குள் அடங்கும் என்றார்.

அதே பசல் அலி, ஒரு வாரம் கழித்து வந்த ரொமேஷ் தாப்பர் வழக்கில் அரசின் பக்கம் நின்றார். சென்னை அரசு ‘கிராஸ் ரோட்ஸ்’ என்னும் இதழை இராச்சியத்துக்குள் வரவிடாமல் தடுத்தது செல்லாது எனப் பெரும்பான்மைத் தீர்ப்பு எழுதியவரோ, கோபாலன் வழக்கில் அரசின் காவல் ஆணையை நிலைநிறுத்திய பதஞ்சலி சாஸ்திரி. ஆளைப் பார்த்து உரிமையை அளக்க இயலாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது. பசல் அலியின் சிறுபான்மைக் கருத்து 28 ஆண்டுகள் காத்திருந்தது. 1978இல் மேனகா காந்தி வழக்கில், நடைமுறை நேர்மையும் நியாயமும் உடையதாக இருத்தல் வேண்டும் என உச்ச நீதிமன்றம் உரைத்தது.

இவையெல்லாம் தில்லிச் செய்திகள் அல்ல. சங்கரன்கோவிலில் ஒருவர்மீது, 1982ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமாகிய, மக்கள் ‘குண்டர் சட்டம்’ என்றழைக்கும் சட்டம் பாய்ந்தால், தென்காசி மாவட்ட ஆட்சியரின் கையொப்பத்தில் அவர் ஓராண்டு வரை சிறையில் இருக்க நேரலாம். ஆனால் ஐந்து நாள்களுக்குள் காரணங்கள் அவர் கைக்கு வந்தாக வேண்டும். 12 நாள்களுக்குள் மாநில அரசு ஒப்புதல் தந்தாக வேண்டும். மூன்று வாரங்களுக்குள் அறிவுரைக் கழகத்தின் முன் ஆவணங்கள் வைக்கப்பட வேண்டும். அவர் அறிந்த மொழியில் காரணங்கள் தரப்படுதல் வேண்டும் என்பது 1962இலேயே உச்ச நீதிமன்றம் முடிவு செய்த செய்தி. தமிழ் மட்டுமே அறிந்தவருக்கு ஆங்கிலக் கட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒப்புகை வாங்கினால் அந்த ஆணை நிற்காது. இவ்வாறான குறைகளால் ஆணைகள் நீக்கப்படுவது உயர் நீதிமன்றத்தில் அரிய நிகழ்ச்சி அன்று. காவல் காலத்தின் பெரும்பகுதி கழிந்த பின்னர் மனு விசாரணைக்கு வருவதும் உண்டு. அது ஒரு பெருங்குறையே.

அந்த ஆட்கொணர்வு மனுவைச் சிறையிலிருப்பவரே எழுத வேண்டுவதில்லை. மகனுக்காகத் தாய் செய்யலாம். கணவனுக்காக மனைவி செய்யலாம். தென்காசி மாவட்டத்தார்க்கு அதனைக் கேட்கும் இடம், 2004 முதல் இயங்கும் உயர் நீதிமன்றக் கிளை. அது இருப்பது மதுரையில்.