மயக்க ஊசியைக் கண்டு பயம் வேண்டாம், மறைப்பும் வேண்டாம்

(கூட்டமைப்பின் மாதாந்திரப் பிரதிநிதிகள் கூட்டத்தில் களப்பணியாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் தவணை எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. இனி அரை மணி நேரம் நம் உடம்பைப் பற்றிப் பேசுவோம். நாங்கள் குழுக் கூட்டங்களுக்கு வரும்போது தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பது வழக்கம். கடன் வாங்கிய காரணம் என்ற இடத்தில் ஆடு வாங்க, பள்ளிக் கட்டணம், விதை, உரம் என்று இருக்கும். அதோடு "ஆபரேஷன் செலவு" என்பதையும் அடிக்கடி பார்க்கிறோம். சிசேரியன், கர்ப்பப்பை ஆபரேஷன், பித்தப்பைக் கல், குடலிறக்கம் என்று ஏதோ ஒன்று.

பணத்துக்குக் குழு வழி செய்துவிடுகிறது. ஆனால் அந்தப் பெண்ணிடம் "என்னக்கா, பயமா இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். கத்தியைச் சொல்ல மாட்டார், மயக்க ஊசியைத்தான் சொல்வார். "ஊசி போட்டா திரும்பி எழுந்திரிப்பேனா?" "முதுகுல போட்டா ஆயுசுக்கும் இடுப்பு வலியாமே?" இந்த இரண்டு கேள்விக்கும் இன்று பதில் சொல்லப் போகிறோம். மயக்கம் கொடுப்பது முன்பைவிட இன்று மிகவும் பாதுகாப்பானது. அந்தப் பாதுகாப்பில் ஒரு பங்கு டாக்டர் கையில் இருக்கிறது. இன்னொரு பங்கு, நாம் சொல்லும் உண்மையிலும் கேட்கும் கேள்வியிலும் இருக்கிறது.

மயக்க டாக்டர் என்ன செய்கிறார்?

மயக்க மருந்து வருவதற்கு முன்பு ஆபரேஷன் என்றால் நாலு பேர் பிடித்து அமுக்கிக்கொள்ள, நோயாளி கதறக் கதறச் செய்வதுதான். 1846 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆஸ்பத்திரியில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர், ஈதர் என்ற மருந்தின் ஆவியைச் சுவாசிக்க வைத்து, எல்லோர் முன்னிலையிலும் வலி இல்லாமல் ஆபரேஷன் செய்ய வழி காட்டினார். அந்த நாளைத்தான் உலக மயக்கவியல் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

மயக்க டாக்டர் ஊசி போட்டுவிட்டுப் போய்விடுவார் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லீங்க. ஆபரேஷன் முடியும்வரை அவர் நம் தலைமாட்டிலேயே இருக்க வேண்டும். மூச்சு, இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், ஆக்சிஜன் எல்லாவற்றையும் கவனிப்பவர் அவர்தான். கொரோனா காலத்தில் விரலில் ஒரு கிளிப் மாட்டி ஆக்சிஜன் பார்த்தார்களே, அதே கிளிப் தியேட்டரிலும் விரலில் இருக்கும். நகப்பூச்சும் அடர்ந்த மருதாணியும் அதன் கணக்கைக் குழப்பலாம். அதனால்தான் நகத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரச் சொல்கிறார்கள். மூக்குத்தி, வளையல், மெட்டி கழற்றச் சொல்வதற்கும் காரணம் உண்டு. இரத்தக் கசிவை நிறுத்த மின்சாரக் கருவி பயன்படுத்துவார்கள், உலோகம் பட்ட இடம் சுட்டுவிடக் கூடும். தாலியைக் கழற்றுவதில் மனத்தாங்கல் இருந்தால் நர்சிடம் முன்னாடியே பேசுங்கள்.

மறைக்கக் கூடாத விஷயங்கள்

ஆபரேஷனுக்கு முன் மயக்க டாக்டர் நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்பார். கூட வந்தவர்கள் "ஒண்ணும் இல்லீங்க டாக்டர், நல்லா இருக்கா" என்று பதில் சொல்லிவிடுவார்கள். அப்படி விடாதீர்கள். நம் உடம்புக்கு நாமேதான் பதில் சொல்ல வேண்டும். கீழ்க்கண்டவற்றைக் கட்டாயம் சொல்லுங்கள்.

1. சர்க்கரை, இரத்த அழுத்தம், ஆஸ்துமா, வலிப்பு, தைராய்டு, இதய நோய் இருந்தால்.

2. சாப்பிடும் எல்லா மாத்திரையும். அட்டையோடு பையில் போட்டுக்கொண்டு போங்கள். நாட்டு மருந்து, லேகியம் உட்பட. எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். இப்போது வந்துள்ள சில புதிய சர்க்கரை மாத்திரைகளை ஆபரேஷனுக்கு மூன்று நாலு நாள் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். எடை குறையவும் சர்க்கரைக்கும் வாரம் ஒருமுறை போடும் ஊசிகள் சாப்பாட்டை வயிற்றில் அதிக நேரம் தங்க வைக்கும். நாமாக எதையும் நிறுத்தவும் கூடாது, மறைக்கவும் கூடாது.

3. புகையிலை, பாக்கு, மது. இதைச் சொல்ல வெட்கப்படுகிறோம். பல வருஷம் பாக்கும் புகையிலையும் போட்டவர்களுக்கு வாய் முழுதாகத் திறக்காமல் போகலாம். முழு மயக்கத்தில் மூச்சுக்குழாய் வைக்க வாய் திறந்தாக வேண்டும். முன்பே தெரிந்தால் டாக்டர் வேறு வழி தயார் செய்துகொள்வார்.

4. ஆடும் பல், கட்டிய பல்.

5. மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால்.

6. சளி, இருமல், காய்ச்சல்.

7. எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால். நமக்கோ இரத்த சொந்தத்தில் யாருக்கோ முன்பு மயக்க மருந்தால் தொல்லை வந்திருந்தால். சில கோளாறுகள் பரம்பரையாக வரும்.

இன்னொன்று இரத்த சோகை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேல் இரத்தம் குறைவாக உள்ளவர்கள். அவசரம் இல்லாத ஆபரேஷன் என்றால் ஒரு மாதம் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அளவு பாருங்கள். குறைவாக இருந்தால் டாக்டர் சொல்கிறபடி இரும்புச்சத்து மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டு, தேறிய உடம்போடு போகலாம்.

வெறும் வயிறு ஏன்?

மயக்கத்தில் தொண்டையின் காவல் தளர்ந்துவிடும். வயிற்றில் உள்ளது மேலே ஏறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அதற்குத்தான் வெறும் வயிறு.

ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறோம. காலையில் ஆபரேஷன். "வெறும் வயித்தோட எப்படித் தாங்குவா" என்று மாமியார் பாசத்தில் விடிகாலையிலேயே பால் டீயும் பன்னும் கொடுத்துவிட்டார். தியேட்டர் வாசலில் டாக்டர் கேட்டபோது அந்த அக்கா உள்ளதைச் சொல்லிவிட்டார். ஆபரேஷன் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. ஒருநாள் கூலி போச்சு என்று வீட்டில் கோபம். ஆனால் அடுத்த குழுக் கூட்டத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். ஒருநாள் கூலியை மறுபடி சம்பாதிக்கலாம் அல்லவா?

அதே சமயம், முதல் நாள் ராத்திரியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் வாடிக்கிடப்பதும் தேவையில்லை. இன்றைய மருத்துவ வழிகாட்டுதல் இதுதான்: வழக்கமான சாப்பாடு என்றால் 6 முதல் 8 மணி நேர இடைவெளி. பால், பால் கலந்த டீ, காபிக்கு 6 மணி நேரம். குழந்தைக்குத் தாய்ப்பால் என்றால் 4 மணி நேரம். வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் போதும். ஆனால் கர்ப்பிணிகள், சர்க்கரை உள்ளவர்கள், வயிற்றுக் கோளாறு உள்ளவர்களுக்கு இது மாறலாம். அதனால், "எத்தனை மணி வரைக்கும் தண்ணி குடிக்கலாம்?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

முதுகு ஊசியும் இடுப்பு வலியும்

"சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டதிலிருந்து இடுப்பு வலி" என்ற பேச்சு இல்லாத ஊரே இல்லை. இந்த முறையை 1898-இல் ஜெர்மனியில் பியர் என்ற சர்ஜன் செய்து காட்டினார். ஊசியை, தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழே, அங்குள்ள நீரில் போடுகிறார்கள். சில மணி நேரம் இடுப்புக்குக் கீழே மரத்திருக்கும், பிறகு மருந்து வேலை முடிந்துவிடும். போட்ட இடத்தில் சில நாள் நோவு இருக்கலாம். வருஷக்கணக்கில் வரும் வலிக்கும் இந்த ஊசிக்கும் தொடர்பு இருப்பதாக ஆராய்ச்சிகள் காட்டவில்லை.

சுகப்பிரசவம் ஆன பெண்களுக்கும் இடுப்பு வலி வருகிறதே, அவர்களுக்கு யார் ஊசி போட்டார்கள்? கர்ப்பத்தில் தளர்ந்த வயிற்றுத் தசை, கூடிய எடை, குனிந்து நடவும் களையும், தண்ணீர்க் குடம், இடுப்பில் குழந்தை. இவைதான் பெரும்பாலும் காரணம். பழியை ஊசி மேல் போட்டுவிட்டால் உண்மையான காரணத்துக்கு வைத்தியம் பார்க்காமலே வருஷங்கள் ஓடிவிடும்.

முதுகு ஊசியால் சிலருக்கு வருவது தலைவலி. உட்கார்ந்தால் அதிகமாகும், படுத்தால் குறையும். இப்போது ஊசி மெல்லியதாகிவிட்டதால் இது குறைந்திருக்கிறது. வந்தால் சொல்லுங்கள், வைத்தியம் உண்டு. மரத்த கால் பல மணி நேரமாகியும் திரும்பாவிட்டால், சிறுநீர் போக முடியாவிட்டால், முதுகு வலியோடு காய்ச்சல் வந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இந்த ஊசியில் ஒரு நன்மையும் உண்டு. தாய் விழித்திருப்பார், குழந்தையின் முதல் அழுகையைக் கேட்பார். தாயும் சேயும் நலமாக இருந்தால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் பாலும் கொடுக்கலாம்.

ஆபரேஷனுக்குப் பிறகு

"தண்ணி குடிச்சா புண்ணு சீழ் பிடிக்கும்", "பத்து நாள் கஞ்சி மட்டும்", "அசையாம படுத்திரு" என்பதெல்லாம் நம் வீட்டுப் பத்தியம். டென்மார்க்கில் கேலட் என்ற சர்ஜன் 1990-களில் நோயாளிகளைச் சீக்கிரம் சாப்பிடவும் நடக்கவும் வைத்து, அவர்கள் சீக்கிரம் தேறுவதைக் காட்டினார். இன்று பல நாடுகளில் இதுவே முறையாகி வருகிறது. டாக்டர் அனுமதித்ததும் தண்ணீரும் சாப்பாடும் எடுத்துக்கொள்ளலாம். முட்டை, பருப்பு, மீன், கீரை எல்லாம் புண் ஆறத்தான் உதவும். பிடித்துக்கொண்டு நாலு அடி நடந்தால் காலில் இரத்தம் உறைவது குறையும்.

வலியைப் பல்லைக் கடித்துத் தாங்குவதுதான் பெண்மை என்று வளர்ந்திருக்கிறோம். வலி இருந்தால் ஆழமாக மூச்சு விட முடியாது, இருமிச் சளியை வெளியேற்ற முடியாது, நடக்கவும் முடியாது. வலியைச் சொல்லி மருந்து கேளுங்கள். பாலூட்டும் தாய்க்கு ஏற்ற வலி மாத்திரைகள் இருக்கின்றன.

மயக்கம் கொடுத்த ஒரு நாளுக்கு அடுப்படி, வண்டி, இயந்திரம் வேண்டாம். எந்தப் பத்திரத்திலும் கையெழுத்தும் வேண்டாம். வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல், காயத்தில் சீழ், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல், நிற்காத இரத்தப்போக்கு இருந்தால் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழையுங்கள்.

திரும்பத் திரும்பப் பேர் கேட்பது ஏன்?

தியேட்டரில் "உங்க பேர் என்ன, என்ன ஆபரேஷன்?" என்று கேட்டதையே கேட்பார்கள். சலித்துக்கொள்ளாதீர்கள். நாம் குழுப் பணத்தை எல்லோர் முன்னிலையிலும் எண்ணிப் பதிவது போலத்தான் அதுவும். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. மயக்கம் கொடுக்குமுன், கத்தி வைக்குமுன், தியேட்டரை விட்டு வெளியே அனுப்புமுன் என்று மூன்று முறை நிறுத்திச் சரிபார்ப்பார்கள். பஞ்சு, கருவி எல்லாம் எண்ணுவார்கள். தில்லி உட்பட எட்டு நகரங்களில் இதைச் செய்து பார்த்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆயிரத்துக்கு 15 ஆக இருந்த இறப்பு 8 ஆகக் குறைந்தது.

சரிபார்க்காமல் அவசரப்பட்டால் என்ன ஆகும்? 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூரில் ஒரு கருத்தடை முகாமில் ஒரே சர்ஜன் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். அரசு விதிப்படி ஒரு நாளைக்கு 30 தான். பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். நம்மைப் போன்ற ஏழைக் குடும்பத்துப் பெண்கள். இப்படிப்பட்ட முகாம்களை மூன்று ஆண்டுக்குள் நிறுத்த வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நாம் வெறும் கணக்குக்காகப் படுக்கும் உடம்பு அல்ல. ஒப்புதல் கையெழுத்துப் போடுமுன் என்ன ஆபரேஷன், என்ன மயக்கம், யார் கொடுக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்து.

குழுக்கள் செய்ய வேண்டியது

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக்காட்டி, கீழ்க்கண்டவற்றைத் தீர்மானமாக எழுதுங்கள்.

1. ஆபரேஷனுக்குப் போகும் உறுப்பினரோடு எழுதப் படிக்கத் தெரிந்த ஓர் உறுப்பினர் டாக்டரைப் பார்க்கும் நாளில் உடன் போக வேண்டும்.

2. மேலே சொன்ன ஏழு விஷயங்களையும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுக்க வேண்டும்.

3. கடனுக்கு அலையுமுன், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த ஆபரேஷன் வருமா என்று ஆஸ்பத்திரியில் விசாரிக்க வேண்டும்.

4. "மாட்டுக்கு யார் தண்ணி காட்டுவா" என்று மூணாம் நாளே குடம் தூக்கப் போய்விடுகிறோம். டாக்டர் சொன்ன ஓய்வு நாட்களுக்கு உறுப்பினர்கள் முறை வைத்து அவர் வீட்டுத் தண்ணீரையும் மாட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சகோதரிகளே, பத்து ரூபாய் குறைந்தால்கூட கணக்கைக் கேட்டு வாங்கும் தைரியம் குழுவால் நமக்கு வந்திருக்கிறது. அதே தைரியத்தோடு ஆஸ்பத்திரியிலும் நம் உடம்புக்கான கணக்கைக் கேட்போம்.